தம்பியின் இலக்கத்தில் ஓடியது

சுவிசில் என்னோடு வேலை செய்பவர்கள் லீவு கிடைத்தால் கடற்கரை தேடிப் போவார்கள். நான் தை மாதக் குளிரில், ஆஸ்பத்திரிச் சமையல் குசினியில் எனக்கு மேலே இருக்கும் மனிதரோடு சண்டை பிடித்து ஒரு மாத லீவு வாங்கிக்கொண்டு, வன்னிக்குப் போனேன். எதற்கு என்று அவர் கேட்டார். ஒரு குளத்தை நீந்திக் கடந்து, பதினெட்டு மைல் சைக்கிள் மிதித்து, பிறகு ஓடுவதற்கு என்றேன். அதற்கு இங்கேயே ஏரி இருக்கிறதே என்றார். அவருக்கு என்னத்தை விளங்கப்படுத்துவது?

உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் முள்ளியவளைக்கு மேற்கே, காட்டோரத்தில் இருக்கிறது. அங்கே பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி நடக்கும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்ததால் ஊரில் அதை மூண்டோட்டம் என்பார்கள். வாசிகசாலையில் அதற்கென்று ஒரு பெயர்க் கொப்பி உண்டு. ஒருமுறை ஓடியவனின் பெயரும் இலக்கமும் சாகும்வரை அவனுடையது. ஆள் ஊரில் இல்லாத வருடம் அவன் வீட்டார் ஒருவர் அவனுடைய இலக்கத்தில் ஓடி முடிக்க வேண்டும். முடித்தால் பெயர் இருக்கும். ஒருவரும் முடிக்காவிட்டால் பெயரின் மேல் ஒரு கோடு கீறி வெட்டிவிடுவார்கள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன் சண்டை மூண்டதிலிருந்து ஓட்டம் நடக்கவில்லை; பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. போர்நிறுத்தத்தில் பாதை திறந்து சனம் திரும்பி வந்த பிறகு இதுதான் முதலாவது. என் தம்பி குகனின் இலக்கம் முப்பத்தொன்று. இடம்பெயர்ந்து காட்டுக்குள் கொட்டில் போட்டு இருந்த நாளில், வீட்டில் விட்டுவந்த நெல்லில் ஒரு மூட்டையாவது எடுத்து வருகிறேன் என்று நடந்து போனவன் அவன். ஏழாவது வருடம் நடக்கிறது. ஆளும் இல்லை, உடலும் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. கொப்பியில் அந்தப் பெயர் மட்டும் வெட்டுப்படாமல் இருந்தது.

வாசிகசாலைச் செயலாளர் யோகம் அக்கா கடிதம் போட்டிருந்தா. நாலே வரி. "குகனுக்கு நீ ஓடுறதெண்டால் வா. வராட்டில் கோடு கீற வேண்டி வரும். பிறகு என்னோடை கோவிக்கக் கூடாது." நான் கடிதத்தை மடித்துவிட்டு நேரே நீச்சல் குளத்துக்குப் போனேன். நாற்பத்தைந்து வயதில் மூன்று மாதம் வெறிபிடித்தவன் மாதிரிப் பயிற்சி செய்தேன். என்னைத் தாண்டி அந்தப் பெயரை யார் வெட்டுகிறார்கள் பார்ப்போம் என்ற கொதி.

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வெயில் கொளுத்தியது. ஒரு பக்கச் சோதனை முடிந்து மறுபக்கச் சோதனைக்குப் போகிற வழியில், இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு ரோட்டு இருக்கிறது. அதில் எங்கள் பஸ் ஊர்ந்தது. அதுவரை ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்த சனம் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். அவற்றுக்குப் பின்னால் நல்ல பச்சைப் புல், இடுப்பளவு வளர்ந்து நின்றது. ஒரு மாடுகூட மேயவில்லை.

அதற்கு முன், இராணுவச் சோதனையில் என் நீச்சல் கண்ணாடியை ஒரு பெடியன் எடுத்துத் தன் முகத்தில் போட்டுப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற வவுனியாக் கடைக்காரர் மொழிபெயர்த்தார். "இந்த ஆள் அங்கே நீந்தப் போறாராம், அங்கே தண்ணிக்குள்ளும் கண்ணிவெடி இருக்குமோ தெரியாது எண்டு சொல்றான்." நானும் சிரித்துவைத்தேன்.

சிரித்த பலனோ என்னவோ, மறுபக்கம் இறங்கி வேறு பஸ் ஏறும்போது என் பெரிய பை யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸின் கூரையில் ஏறிவிட்டது. சப்பாத்து, காற்சட்டை, தசைக்குப் பூசும் களிம்பு, சொக்கலேற் எல்லாம் அதனோடு போய்விட்டன. கைப்பையில் கடவுச்சீட்டும் அந்தக் கண்ணாடியும்தான் மிஞ்சின. சுவிசில் என்றால் பயணப் பைக்கு ஒரு ரசீதுத் துண்டு தருவார்கள், தொலைந்தால் போன் எடுத்து மன்னிப்புக் கேட்பார்கள். நான் கொண்டக்டரிடம் குரலை உயர்த்தினேன். அவர் பாக்கைச் சப்பிக்கொண்டே, "அண்ணை, பை தானே துலைஞ்சது" என்றார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். 

நெடுங்கேணியில் தேத்தண்ணி குடித்து, பின்னேரம் ஊர் போய்ச் சேர்ந்தேன். இறங்கியதும் ஒரு சிறுமி பஸ்ஸை நோக்கி ஓடி வந்தாள். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் இறங்கியவரைப் பார்த்தாள், பஸ் போகும்வரை நின்றாள். பிறகுதான் என்னிடம் வந்து, "நீங்கள் சுவிஸ் பெரியப்பாவோ?" என்று கேட்டாள். குகனின் மகள் துளசி. தகப்பன் போனபோது அவளுக்கு ஒரு வயது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இப்படித்தான் ஓடுகிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கூரை புதிதாகத் தகரம். அயலில் முக்கால்வாசி வீடுகளுக்கு அதுவும் இல்லை. கூரை ஓடுகளையும் மரங்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கதவு இல்லாத வாசல்கள். ஒரு வீட்டின் நடு அறையில் வேம்பு வளர்ந்து சுவருக்கு மேலே குடை பிடித்து நின்றது. அந்த வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். குகனின் மனைவி சாரதா, "அவையளைப் பற்றி ஒரு கதையும் இல்லை அத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவப்பரிசிப் புட்டு, விரால் மீன் குழம்பு, கத்தியால் வெட்டலாம் போன்ற எருமைத் தயிர், அதற்குமேல் காட்டுத்தேன். போட்டிக்கு வந்தவன் என்ற நினைப்பே இல்லாமல் விழுங்கினேன். சாரதா பரிமாறிக்கொண்டே இருந்தாள்.  குகனின் சைக்கிள் குசினிச் சுவரோடு சாத்தி நின்றது. இடம்பெயர்வில் அண்டா குண்டா எல்லாம் கட்டித் தள்ளிக்கொண்டு போனது அந்தச் சைக்கிளில்தான். அதனால்தான் அவன் நடந்து போனான். எண்ணெய் பூசித் துடைத்து, அவன் நேற்று நிறுத்திவிட்டுப் போன மாதிரி வைத்திருந்தாள். என் தம்பியை எவ்வளவு பத்திரமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நான் ஒரு விசரன்.

மறுநாள் குளத்தைப் பார்க்கப் போனேன். தண்ணீருக்குள் நிறையப் பட்டுப்போன மரங்கள் நின்றன. ஒவ்வொரு கொப்பிலும் நீர்க்காகம் சிறகு விரித்து அசையாமல் இருந்தது. கரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நீந்தவா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார். கலீல் நானா. முன்பு எங்கள் ஊர்ச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பதின்மூன்று வருடத்துக்கு முன் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஒரு சொப்பிங் பையோடு போகச் சொன்னபோது அவரும் குடும்பத்தோடு புத்தளம் போனவர். போன மாதம்தான் தனியே திரும்பி வந்து கடையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்.

"முதலை இருக்குதோ நானா?"

"இருக்கு. பயப்பிடாதேங்கோ, அது ஊர் முதலை" என்றார்.

அவரும் நாளைக்கழித்து ஓடுகிறாராம். பெயர் வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்துப் புதுப்பெயர் கொடுக்கப் போனாராம். யோகம் அக்கா கொப்பியைத் திறந்து காட்டினாவாம். இலக்கம் ஒன்பது, கலீல், கோடு இல்லை. "அவா அந்தக் கொப்பியைப் பொலித்தீன் பையில சுத்தி ஆறு இடம் இடம்பெயர்ந்தவா. ஓட்டமே நடக்காத வருசத்துக்கு எப்பிடி வெட்டுறது எண்டு என்னட்டைக் கேட்டா" என்று சொல்லிச் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். பார், பெயர் இருந்தால் ஆள் வரும் என்று என் மனம் துள்ளியது. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் சாரதா கிணற்றடிக்கு வந்தாள். நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டியளே?"

"கேள் பிள்ளை."

"நாளைக்கு நீங்கள் முடிக்க வேண்டாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று நினைத்து, சுவிசில் நான் நீந்திய ஏரிகளின் பட்டியலை எடுத்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அதில்லை. நீங்கள் முடிச்சா அவற்ற பேர் இருக்கும். அடுத்த தைக்கும் ஒரு ஆள் வேணும். அதுக்கடுத்த தைக்கும். நான் இப்பிடியே நிக்க வேணும். செத்தவீட்டுக்குப் போய் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா, 'நீ அழக்கூடாது, உன்ர மனுசன் வருவான்' எண்டு வாயைப் பொத்துகினம். ஏழு வருசமா என்னை அழ விடுகினம் இல்லை அத்தான். அவர் வரமாட்டார். எனக்குத் தெரியும். துளசி ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடுறாள், பாத்தனீங்கள் தானே?"

"அப்ப நீயே யோகம் அக்காட்டைச் சொல்லி வெட்டன்."

"நான் சொன்னா ஊர் என்னைத் திண்டுபோடும். உயிரோட இருக்கிற புருசனுக்குக் கொள்ளி வைச்சவள் எண்டு சொல்லும். உங்களுக்கு ஏலாமல் போனா அது சுவிஸ்காரன்ர ஏலாமை. ரெண்டு நாள் சிரிச்சுப்போட்டு விட்டிடுவினம்."

எனக்குத் தலைக்கேறியது. என் தம்பியை என் காலாலேயே கொல்லச் சொல்கிறாயா என்று கத்தினேன். கலீல் நானா வரவில்லையா என்று கேட்டேன். பெற்ற தாய் இருந்திருந்தால் இப்படிக் கேட்பாளா என்றும் ஒரு சொல் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாரதா வாளியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டைத் துளசிதான் கொண்டுவந்து வைத்தாள். நாளைக்கு முடித்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

ஞாயிறு விடிய, வாசிகசாலைக்கு முன்னால் யோகம் அக்கா பச்சைப் பெயின்ற் வாளியோடு நின்றா. கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற். என் வலது கையில் 31 என்று எழுதினா. எழுதி முடித்ததும், "காய விடு குகன்" என்றா.

எனக்கு அந்த வழக்கம் மறந்தே போயிருந்தது. இன்னொருவரின் இலக்கம் கையில் ஏறிய நேரத்திலிருந்து, ஓட்டம் முடியும்வரை, அந்த ஆளின் பெயராலேதான் கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயர் அதோடு நின்றது. தேத்தண்ணி கொடுத்தவன், "குகன், சீனி போடட்டோ?" என்று கேட்டான். தெரியாத கிழவர் ஒருவர் என் தோளில் தட்டி, "எப்படியடா குகன், கனகாலம்" என்றார். முதலில் சிரிப்பு வந்தது. மூன்றாவது ஆள் கூப்பிடும்போது கையிலிருந்த இலக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

மருதமரத்தின் கீழே சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஓட வந்தவர்களைவிடச் சைக்கிள் அதிகம். அனுப்ப ஆள் இல்லாத வீட்டார், காணாமல் போனவரின் சைக்கிளை மட்டும் கொண்டுவந்து விடுவார்களாம். துடைத்து, மணிக்குப் பூ வைத்து, இலக்கம் எழுதிய மட்டையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஓட்டம் முடிந்ததும் பெயரை வெட்டுவார்கள். வீட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. காற்றுக்கு ஒன்றின் முன்சில்லு மெல்லத் திரும்பியது.

யோகம் அக்கா குளக்கட்டில் ஏறி நின்று கொப்பியை விரித்தா. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுவிட்டு, ஒரு மூச்சு எடுத்து விடும் நேரம் காத்திருப்பா. "இலக்கம் நாலு, சிவபாலன்." தண்ணீர் கரையில் மோதும் சத்தம். "இலக்கம் ஏழு, அருமைநாயகம்." நீர்க்காகம் ஒன்று செட்டையை அடித்தது. அடுத்த பெயருக்கு ஒரு பெண், "என்ர அண்ணைக்கு நான் நிக்கிறன்" என்றாள். "இலக்கம் ஒன்பது, கலீல்." "இருக்கிறன் அக்கா!" என்று கலீல் நானா போட்ட சத்தத்தில் சனம் முழுக்கக் கைதட்டியது. அதற்குப் பிறகு திரும்பவும் பெயர், மூச்சு, பெயர், மூச்சு. சுவிசில் காலில் ஒரு சின்ன மின்கருவியைக் கட்டிவிட்டு, துப்பாக்கி வெடித்தால் ஓடு என்பார்கள். இங்கே ஓடுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் கேட்டு நிற்க வேண்டும்.

"இலக்கம் முப்பத்தொன்று, குகன்."

"இருக்கிறன்" என்றேன். அண்ணன் நிற்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த சொல் அதுதான்.

நீச்சலில் எனக்குப் பெரிய நம்பிக்கை. பாதிக் குளத்தில் அது கழன்றது. தண்ணீர் தேத்தண்ணி நிறம். கண்ணாடி போட்டும் என் கையே எனக்குத் தெரியவில்லை. பட்ட மரங்களின் வேர் காலைத் தட்டும்போதெல்லாம் அது வேர்தானா என்று உயிர் போய் வந்தது. தலையைத் தூக்கினேன். கரையிலிருந்து கத்தினார்கள், "குகன், இடப்பக்கம் வா! இடப்பக்கம்!" யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பட்ட மரங்களும் தண்ணீரும்தான். கரை ஏறும்போது இருபத்தாறு பேரில் இருபதாவதாக வந்தேன்.

சப்பாத்து இல்லாததால் சாரதா தந்த குகனின் பழைய செருப்போடு சைக்கிளில் ஏறினேன். போட்டிக்கு விட்ட ரோட்டு நெடுங்கேணிப் பக்கம் காட்டை ஊடறுத்துப் போகிறது. இரண்டு ஓரமும் கல் வைத்திருந்தார்கள். கல்லின் வெள்ளைப் பக்கம் நாங்கள் போகலாம், சிவப்புப் பக்கம் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் அநேகமாக எல்லாரும் என்னைத் தாண்டி முன்னே போய்விட்டார்கள். ஆறாவது மைலில் சனம் திரும்பி வராத ஒரு குடியிருப்பு வந்தது. கூரையில்லாத வீடுகள், கிணறுகள், ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடச் சுவரில் வாய்ப்பாடு இன்னும் அழியவில்லை. குருவிச் சத்தம்கூட இல்லை.

அங்கேதான் எனக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. மிதிக்காமல் உருள விடும்போது பின்சில்லு கிர்ர் என்று ஒரு சத்தம் போடுமே, அது. யாரோ பிந்தி வந்தவன் என்று நினைத்து ஓரம் கொடுத்தேன். ஒருவரும் தாண்டவில்லை. நான் மிதிப்பதை நிறுத்தினேன். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நேர் ரோட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வெறுமை. மிதித்தேன். கொஞ்சத்தால் திரும்பவும் கிர்ர். சின்ன வயதில் குகன் அப்படித்தான் எனக்குப் பின்னால் வருவான். முந்தவும் மாட்டான், விலகவும் மாட்டான். "குகன்?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.  எனக்குப் பயமாகவும் இருந்தது, அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று ஆசையாகவும் இருந்தது.

அப்படியே அடுத்த வளைவில் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. இறங்கி நடு ரோட்டில் குந்தினேன். நிழலுக்கு ஒதுங்கலாம் என்றால் சிவப்புக் கல். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கடைசியாளாகக் கலீல் நானா வந்து சேர்ந்தார். ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பையிலிருந்து ஒட்டும் சாமான்களை எடுத்தார். இந்த ஓட்டத்தில் சைக்கிளுக்கு உதவலாம், ஆளைத்தான் தொட்டுத் தூக்கக் கூடாது.

"நானா, எனக்குப் பின்னால ஒரு சைக்கிள் வந்ததே. அது ஆர்?"

"எனக்கும் உங்களுக்கும் நடுவில ஒருத்தரும் இல்லைக் குகன்" என்றார். ரியூப்பைச் சுரண்டியபடி, "எனக்கும் அந்த இடத்தில கேட்டது. நான் திரும்பிப் பாக்கேல்லை" என்றார்.

அந்த நடு ரோட்டில் எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சாரதா கேட்டதைச் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன். "நீங்களே சொல்லுங்கோ நானா, உங்கட பேரை வெட்டியிருந்தா உங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்? பேர் இருந்தபடியாத்தானே வந்தனீங்கள்?"

அவர் ஒட்டுத்துண்டைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேர் இருந்ததைக் கண்டு நான் அழுதனான்தான். ஆனா அதுக்காக நான் வரேல்லை. பாதை திறந்தது, வந்தனான். கொப்பியில வெட்டியிருந்தாலும் வந்திருப்பன். வந்து சண்டை பிடிச்சு எழுதுவிச்சிருப்பன்." காற்றடித்து, சில்லைச் சுழற்றிப் பார்த்தார். "உங்கட தம்பியும் வரக்கூடிய ஆளெண்டா அப்பிடித்தான் வருவார். இப்ப நீங்கள் முன்னால போங்கோ. எனக்கு அவசரமில்லை."

நான் சைக்கிளில் ஏறினேன். ஆனாலும் கோபத்தோடுதான் மிதித்தேன். மருதமரத்தடியில் சைக்கிளை விட்டுவிட்டுக் குளக்கட்டில் ஏறி ஓடத் தொடங்கினேன். செருப்பு வார் அறுந்தது, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். கட்டு முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கயிறு. அதைத் தாண்டினால் முடிந்தது. அந்தக் கயிற்றடியில் ஊர் முழுக்க நின்றது.

என்னைக் கண்டதும் கத்தத் தொடங்கினார்கள். "குகன்! குகன்! கெதியா வா குகன்!" ஆணும் பெண்ணும் குஞ்சு குருமானும், நூறு வாய் ஒரே பெயரைச் சொன்னது. எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. மார்பு விரிந்தது, கால் தானாகப் போனது. அந்தக் கொஞ்ச நேரம் நான்தான் குகன். அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக நான் ஓடியதில்லை.

முடிக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்க வீட்டுப் பெண் செம்போடு நிற்க வேண்டும். சாரதாவை இழுத்து முன்னுக்கு விட்டிருந்தார்கள். அவளுக்கு இருபது அடி தூரத்தில் நான் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கையையும் இலக்கத்தையும் கண்டு, அந்தச் சத்தத்தையும் கேட்டு, அவளும் ஒரு கணம் நம்பிவிட்டாள். ஏழு வருடத்துக்கு முன் போன மனுசன் மூச்சிரைக்க ஓடி வருகிறான் என்று அவள் கண் சொன்னது. உதடு பிரிந்தது. அடுத்த கணம் வருவது யார் என்று விளங்கியது. அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை. செம்பிலிருந்த தண்ணீர் அவள் காலில் தளும்பி ஊற்றியது. ஒவ்வொரு தையும் அவளை இங்கே நிறுத்தி இதைத்தான் செய்வார்கள். நான் முடித்தால், நான்தான் செய்வேன்.

கயிற்றுக்கு நாலடி முன்னால் நான் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன்.

"ஐயோ, தசைப்பிடிப்பு!" என்று கத்தினேன். சனம் ஒரு கணம் அடங்கி, பிறகு இரண்டு மடங்கு கத்தியது. "எழும்பு குகன்! தவழ்ந்தாவது வா!" "நாலடிதான்ரா!" "சுவிசில பட்டர் திண்ட கால், வேறென்ன செய்யும்!" யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. நான் எழும்பி நடந்தே தாண்டலாம். அதைத் தெரிந்துகொண்டு மண்ணில் உருள்வது சும்மா காரியமில்லை.

யோகம் அக்கா வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினா. "எந்தக் கால்?" என்று மெதுவாகக் கேட்டா.

"இடது அக்கா."

நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தது வலது காலை. அவா அதைப் பார்த்தா. நிமிர்ந்து சாரதாவைப் பார்த்தா. அவா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழும்பி, சனத்துக்குக் கேட்கச் சொன்னா, "பொல்லாத தசைப்பிடிப்பு. ஒருத்தரும் தொடக்கூடாது. கடைசி ஆள் கயிறு தாண்டும் மட்டும் நேரம் இருக்கு."

கடைசி ஆள் கலீல் நானா. குளக்கட்டில் அவர் வந்துகொண்டிருந்தார். ஓடினார் என்று சொல்ல முடியாது, நடந்தார் என்றும் சொல்ல முடியாது. சனம் என் பக்கமே திரும்பி, "குகன், குகன்" என்று மன்றாடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மண்ணில் காது வைத்தபடி கிடந்தால், அந்தப் பெயர் நிலத்துக்குக் கீழே இருந்து வருகிற மாதிரி இருந்தது. எழும்படா, நாலடி, எழும்பு என்று என் உடம்பே என்னைக் கெஞ்சியது. கலீல் நானாவின் கால்கள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"எழும்புறியளோ தம்பி?" என்றார். காலையிலிருந்து ஒருவர் என்னைக் குகன் என்று கூப்பிடாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை நானா. போங்கோ."

அவர் கயிற்றைத் தாண்டினார். யாரும் கைதட்டவில்லை. யோகம் அக்கா கொப்பியை மடியில் வைத்து, அடிமட்டக் கோலைப் பிடித்து, ஆள் இல்லாத பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தா. ஒவ்வொரு கோட்டுக்கும் பெயரைச் சொன்னா. "இலக்கம் முப்பத்தொன்று, குகன்" என்று சொல்லிப் பேனையால் கீறிய சத்தம் எனக்குக் கேட்டது.

முதலில் செம்பு விழுந்தது. பிறகு சாரதாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் முன்பும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை. "என்ர ராசா, என்னை விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் நிலத்தில் இருந்தாள். இந்த முறை அவள் வாயை ஒருவரும் பொத்தவில்லை. பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றிக் கட்டிப்பிடித்து, தலையோடு தலை வைத்து அழுதார்கள். ஆள் வராத மற்றச் சைக்கிள்களின் வீட்டாரும் அழத் தொடங்கினார்கள். துளசி நடுவில் நின்று தாயைப் பார்த்தாள், பிறகு அவளும் போய்த் தாயின் மடியில் முகத்தை வைத்தாள்.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மண்ணில் இருந்தேன். மூன்று மாதம் நீந்தியதும் ஓடியதும் மனிதரோடு சண்டை பிடித்ததும் இந்த ஒரு செய்தி என் காதில் விழாமல் இருப்பதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் தம்பி செத்துப்போனான். கலீல் நானா வந்து பக்கத்தில் குந்தித் தோளில் கை வைத்தார். நான் அவருடைய நனைந்த சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.